ஒரே இடத்தில் ஒரு குளிர்காலம்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கும் இந்த வீட்டில், காலையில் கண் விழித்ததும் தலையைக் குனிந்துகொண்டேதான் எழுந்திருக்கிறேன். இடிப்பதற்கு மேலே எதுவும் இல்லை. மின்விசிறிதான் கைக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கழுத்து தானாக வளைகிறது. சில குளிர்காலங்களாக நாங்கள் படுத்து எழுந்தது ஒரு வண்டிக்குள். கனடாவில் அதை ஆர்.வி. என்பார்கள். அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி ஓர் இடம், அதுதான் படுக்கை. நிமிர்ந்து உட்கார்ந்தால் நெற்றி புடைத்துவிடும்.

என் கணவர் கண்ணன் எட்மண்டனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கிய பழைய வண்டி அது. எட்மண்டன் குளிரில் மூக்குக்குள் இருக்கும் ஈரம்கூட உறைந்துவிடும். அதனால் அங்கே ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்படி வண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் தெற்குப் பக்கம் போய்விடுவார்கள். நாங்களும் போனோம். முதல் குளிர்காலம் முழுக்க ஓட்டம்தான். இரண்டு நாளைக்கு ஓர் ஊர். பார்த்த பாலைவனத்தையும் பள்ளத்தாக்கையும்விட நின்ற பெட்ரோல் பங்குகள்தான் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அந்த வண்டி பெட்ரோல் குடிக்கிற வேகத்தைப் பார்த்து, "வீட்டுல ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா இதுல பாதி ஆகியிருக்காது" என்று நான் சொல்ல, அவர் அரிசோனா எல்லை வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அரிசோனாவில் வண்டிகளை நிறுத்தும் ஒரு பார்க்கில் இடம் கேட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி இவரை நிமிர்ந்து பார்த்து, "ஹவ் லாங் ஆர் யூ?" என்றாள். "டூ டேஸ்" என்றார் இவர். அவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அவள் கேட்டது வண்டியின் நீளத்தை. பிறகு அடிக் கணக்கில் அளவு சொன்னோம். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் எங்களுக்கு ஓர் உபகாரம் செய்தாள். நாள் வாடகையில் தங்குகிறவர்கள் கொடுப்பதில் பாதிகூட மாத வாடகைக்காரர்கள் கொடுப்பதில்லையாம். "ஓட்டினால்தான் செலவு. நின்றால் இல்லை" என்று அவள் சொன்னதன் சாரத்தை நான் அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். அடுத்த குளிர்காலத்திலிருந்து அந்தப் பார்க்கிலேயே வண்டியை நிறுத்தினோம். பெட்ரோல் செலவு நின்றது. மொத்தமாக அரிசி வாங்க முடிந்தது. பக்கத்து வண்டிக்காரர் தன் எலுமிச்சைச் செடித் தொட்டியைக் காட்டி, "வேண்டும்போது பறித்துக்கொள்" என்றார். கையில் பணம் மிச்சமானது. சண்டைக்கும் காரணம் இல்லாமல் போனது.

இந்த வருடம் வண்டியைப் பனியிலேயே விட்டுவிட்டு, அதே கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம் என்று வந்தோம். முன்பெல்லாம் திருச்சிக்கு வந்தால் சென்னையில் இரண்டு நாள், கோயம்புத்தூரில் இரண்டு நாள், முசிறியில் சித்தப்பா வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு, கே.கே. நகரில் என் அக்கா மாலதி வீட்டில் இரண்டு நாள். வாடகைக் காரும் பெட்டியுமாகவே விடுமுறை தீர்ந்துவிடும். இந்த முறை மார்கழியைக் கோயில் பக்கத்திலேயே கழிப்பது, எங்கேயும் அலைவதில்லை என்று முடிவு செய்தோம். "வீடு இருக்கறப்ப வாடகைக்கா?" என்று அக்கா கோபித்துக்கொள்வாள் என பயந்துகொண்டேதான் போன் செய்தேன். அவளோ சட்டென்று, "அதுவும் நல்லதுதான்டி" என்றாள். அது எனக்கு உறுத்தியது.

வீட்டுக்காரப் பெரியம்மா மாடியில் இருக்கிறார். அவரிடம் ஆர்.வி.யை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. "அதுலயே தளிகையும் பண்ணுவேளா?" என்றார். சமையல் உண்டு என்றேன். "பெருமாள் எங்கே எழுந்தருளியிருக்கார்?" அடுப்புக்கு மேலே ஒரு தட்டில் படம் வைத்திருக்கிறோம் என்றேன். அவருக்கு மனசு தாங்கவில்லை. "அவரையும் ஊர் ஊரா இழுத்துண்டு போனேளா! இங்கே பாரும்மா, சயனத்துல இருக்கார். லோகமே அவரைத் தேடிண்டு வர்றது." அரிசோனாப் பெண்மணி சொன்னதையே இவரும் வேறு வழியில் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஒரே ஊரில் இருந்தால் ஒரு சௌகரியம், யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. வந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்காவைப் பார்க்கத் தோன்றியது. பஸ் ஏறிவிட்டேன். கே.கே. நகர் வீட்டில் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. வராந்தாவில் அத்தான் நின்றார். அக்காவின் கணவர் சேகர், கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தவர், சட்டையை இஸ்திரி போடாமல் உடுத்தாதவர். அன்றைக்குப் பனியனோடு நின்று என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "யாரு வேணும்ங்க?" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் சிரித்தேன். அதற்குள் அக்கா ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போனால் கழிப்பறைக் கதவில் பெரிய எழுத்தில் 'பாத்ரூம்' என்று ஒட்டியிருந்தது. சமையலறையில் கேஸ் குழாயைக் கழற்றி வைத்திருந்தாள். அவளே சொன்னாள்.

"மூணு வருஷமாச்சு உமா. நீங்க வர்றது ரெண்டு நாள். ரெண்டு நாள்னா சமாளிச்சிடுவேன். குளிப்பாட்டி நல்ல சட்டை போட்டு உக்கார வச்சிடுவேன். அவருக்குப் பதிலா நானே பேசிடுவேன். நீங்க போனதும் ரெண்டு நாளைக்குப் படுத்துடுவேன்."

"ஹரிக்குத் தெரியுமா?" ஹரி அவள் மகன், பெங்களூரில் இருக்கிறான்.

"மறதின்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. அவன் வந்தாலும் ரெண்டு நாள்தானே?"

போன முறை வந்தபோது அத்தான் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் புன்னகை செய்ததும், நான் எட்மண்டன் திரும்பி, 'அத்தானுக்கு வயசாக வயசாக நிதானம் கூடிவிட்டது' என்று கண்ணனிடம் மெச்சியதும் நினைவுக்கு வந்தன. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. "காபி போடட்டுமா, கேஸை மாட்டணும்" என்று எழுந்தாள்.

மறுநாளே கண்ணன் ஆட்டோவில் போய் இருவரையும் அழைத்து வந்தார். அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் அவர்களுக்கும் இதுதான் வீடு. வந்த முதல் நாள் அக்கா என் கட்டிலில் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். அடுத்த வாரம் தனியாகக் கோயிலுக்குப் போய், தாயார் சன்னதியில் வேண்டிய மட்டும் உட்கார்ந்துவிட்டு, தலை நிறையப் பூவோடு வந்தாள். "யாரையும் கையில பிடிச்சுக்காம நடந்தேன்டி" என்றாள். அத்தானுக்குக் கண்ணன் யார் என்று தெரியாது. ஆனால் பிடித்துப்போய்விட்டது. "சார் நல்ல மனுஷன்" என்று என்னிடமே சிபாரிசு செய்தார். இருவரும் தினமும் சித்திரை வீதியைச் சுற்றி நடப்பார்கள். வழியில் ஒரே கதையை அத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம். "அதனால என்ன? ஒவ்வொரு தடவையும் முடிவு மாறுது" என்றார் கண்ணன். ஹரியை நான் போனில் அழைத்து, ஒரு வாரம் லீவு போட்டு வரச் சொன்னேன். வந்தான், ஒரு வாரமும் இருந்தான், பார்த்தான். இப்போது வைத்தியம் முறையாக நடக்கிறது. பகல் நேரத்தில் துணைக்கு ஒருவர் வருகிறார். அத்தானின் நினைவு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கேட்டை இப்போது பூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாளான நேற்று, என் குளிர்காலக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மொட்டை மாடிக் கொடியில் வெயிலுக்குப் போட்டேன். எட்மண்டனில் விமானத்தைவிட்டு வெளியே வந்ததும் அது வேண்டும். பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "கம்பளி மூட்டையா?" என்று விலகிப் போனார். சிறிது நேரம் கழித்து எடுக்கப் போனால் கொடியில் கோட்டு இல்லை. மாடிச் சுவரின் ஓரத்தில், நிழலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேல் என் கோட்டு, கழுத்து வரைக்கும் ஜிப் இழுத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவருக்குப் பின்னால் கோபுரம் வெயிலில் நின்றது.

"எங்க அத்தான் கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஸ்ரீரங்கத்துக்கு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, கதகதவென்று சூடேறியிருந்த என் கோட்டின் ஜிப்பை மெதுவாகக் கீழே இறக்கினேன். "நானும் அங்கதான் அத்தான் போகணும்" என்றேன். அவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.