நிஜாம் மாடிப்படியில் விழவில்லை

நிஜாம் போய்விட்டான்.

காலையில் அவன் தம்பி ரஃபீக் போன் செய்தான். "அண்ணே... அண்ணன் மௌத்தாயிட்டாரு. தூக்கத்துலயே... ஹார்ட்டுன்னு சொல்றாங்க." நாற்பத்தோரு வயது. போன வாரம்கூட ஒரு கல்யாண வீட்டில், தயிர்ப் பச்சடி போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டான்.

நம் ஊர் குரூப்பில் இதைப் படிக்கிற இந்தக் காலத்துப் பசங்களுக்கு அவனைத் தெரியாது. சாரம் பகுதியில் மெத்தைக் கடை வைத்திருந்த பாயின், நாங்கள் எல்லாரும் அத்தா என்று கூப்பிடுகிறவரின், மூத்த மகன். கோவாவில் ஒரு பெரிய கிளப்புக்கு மிட்பீல்டில் ஆடியவன். எங்கள் செட்டில் டிவியில் தெரிந்த முகம் அவன் ஒருத்தன்தான்.

கோல் போட்டுப் பேர் வாங்குகிற ஆள் கிடையாது. கோல் போடுகிறவனுக்குப் பந்து எங்கே வேண்டும் என்று அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பான். பந்து காலுக்கு வருவதற்குள் இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிடுவான்.

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் அதே பழக்கம். அரியாங்குப்பம் பாலத்தில் ஒரு தடவை கத்தியே விட்டேன். "டேய், ஒழுங்கா உக்காருடா, வண்டி ஆடுது!"

"நீ முன்னாடி பாத்து ஓட்டு. பின்னாடி என் ஏரியா" என்றான்.

கோவாவில் ஒரு மேட்ச்சில் இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன். எட்டு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தாவது மாதம் ஊருக்கு வந்திருந்தான்... காண்ட்ராக்ட் இன்னும் ஒரு சீசன் இருந்தது, கோச் காத்திருந்தார், காலும் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது.

இனி எழுதப்போவதைப் பதினாலு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியிடம்கூட.

அப்போது அரியாங்குப்பத்தில், டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபுட்பால் டோர்னமென்ட். வழக்கம்போல மைக் என் கையில். மைக் கிடைத்தால் நான் எப்படி என்று உங்களுக்கே தெரியும்... வாய் ஓயாது. நிஜாம் சீஃப் கெஸ்ட். கை குலுக்கி, கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவன்.

ஆஃப் டைமில் கூட்டம் கலையத் தொடங்கியது. நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யாரும் போயிடாதீங்க! செகண்ட் ஆஃப்ல நம்ம நிஜாம் எறங்குறாரு!" என்று அறிவித்துவிட்டேன்.

விசில் காதைப் பிளந்தது. அவன் ஓடி வந்து மைக்கைக் கையால் பொத்தினான். "லூசாடா நீ? டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியும்ல?"

"பத்து நிமிஷம்டா. நின்ன எடத்துலயே நின்னு ரெண்டு பாஸ் போடு. இப்ப இல்லன்னா என் மானம் போயிடும்."

என் மானமாம்! அவன் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டு யாரிடமோ பூட்ஸ் கேட்டான்.

யாரும் அவனை இடிக்கவில்லை. பந்தை வாங்கித் திரும்பினான், அவ்வளவுதான்... கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தே வெளியே வந்தான். நான் மைக்கில் "பழைய நிஜாம் திரும்ப வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். "போயிடுச்சுடா" என்றான்.

அவன் ஆடியது ஊருக்கே தெரியும். கால் போனது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே ஆடி அடிபட்டது என்று தெரிந்தால் கிளப் காண்ட்ராக்டைக் கிழித்துவிடும். பைக்கில் வரும்போது பாலத்தில் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். அத்தாவுக்கும் அதுதான். நீ எதுவும் உளறாத."

மெத்தைக் கடைக்கு மேலேதான் வீடு. மூன்று படி ஏறி உட்கார்ந்தான். கையில் இருந்த பையைக் கீழே வீசிவிட்டு, "அத்தா..." என்று அலறினான்.

அத்தா கடையிலிருந்து கோணி ஊசியோடு ஓடி வந்தார். "வழுக்கிட்டியாப்பா? வழுக்கிட்டியா?" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வருடம்தான் ஆசை ஆசையாக அந்தப் படிக்கு மொசைக் போட்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்று, "ஆமா அத்தா, வழுக்கிடுச்சு" என்றேன். அடுத்த வாரமே ஆள் வைத்து மொசைக்கை உடைத்தார். சொரசொரப்பான கல் பதித்து, இரும்புக் கைப்பிடி வைத்தார்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு கோவா கிளப் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அப்புறம் சின்னச் சின்ன கிளப்புகள்... அரை மணி நேரம் ஆடுவான், முட்டி வீங்கும், பெஞ்சுக்கு வந்துவிடுவான். முப்பது வயதில் எல்லாம் முடிந்தது.

தேங்காய்த்திட்டில் ஐஸ் பேக்டரி சூப்பர்வைசர் வேலை. பார்க்கப் போனபோது என்னால் அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. "முட்டிக்கு ஐஸ் வைன்னு டாக்டர் சொன்னாரு. இங்க சம்பளமும் குடுத்து வைக்கச் சொல்றாங்க" என்று அவன்தான் சிரித்தான்.

ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டியதில்லை. நானும் ஒரு நாளும் ஸாரி சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்... எத்தனையோ சாயங்காலம் கூடவே டீ குடித்திருக்கிறோம்.

இன்று அந்தப் படி வழியாக அவனைக் கீழே இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அத்தா அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"செல்வம்... நான் அந்த வழுக்குக் கல்ல போடாம இருந்திருந்தா, எம்புள்ள இன்னும் கொஞ்ச வருஷம் ஆடியிருப்பான்ல?"

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். இன்றைக்கும் தலையைத்தான் ஆட்டினேன். என் தப்பைத் தன் தப்பு என்று நினைத்துப் பதினாலு வருடமாக அந்த மனுஷன் வெந்துகொண்டிருக்கிறார்.

ரஃபீக்... இதை அத்தாவுக்குப் படித்துக் காட்டு, ஒரு வரி விடாமல். அத்தா, நீங்க போட்ட கல்லு மேல எந்தத் தப்பும் இல்ல. காலைல வீட்டுக்கு வரேன். கதவத் தொறக்குறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்.

நிஜாம்... நமக்குள்ள இருந்தத வெளிய சொல்லிட்டேன்டா. கோச்சுக்காத. போய் வா.