ஆயிரம் என்று எழுத விடாதவர்

செய்தி வந்தபோது நான் பிலோமினா அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். வவுணதீவுப் பக்கத்துப் பறவைகள் சரணாலயத்தில் காலை ஆறு மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. ஏழாகியும் ஆளைக் காணவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன். மகள்தான் பேசினார். "அம்மா போயிட்டா அங்கிள்." எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற பின், மாரிதோறும் என்னோடு வலசைப் பறவைகளை எண்ணியவர் அவர். அது என்ன அவஸ்தை என்று அவரோடு சேர்ந்து எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை எண்ணூறு உள்ளான்கள்வரை எண்ணிவிட்டோம். பருந்தொன்று தாழப் பறந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து கலைந்தது. வெயில் ஏறிவிட்டது, முழங்கால்வரை சேறு.

"ஆயிரம் எண்டு போடுவம் அக்கா."

"ஆயிரம் எண்டு போடுறதுக்கு இஞ்ச ஏன் தம்பி வரவேணும்? வீட்ட இருந்தே போடலாமே."

மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

போன வருடம் மாசியில் பறவை பார்க்கும் கோபுரம் கட்டவென்று மண் கிண்டும் பெக்கோ வந்தது. வடக்கே திரும்புமுன் பறவைகள் ஓயாமல் இரை தின்னும் சேற்றுத்திடலில்தான் அது வந்து நின்றது. கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டியோடு புறப்பட்ட என்னை அக்கா போனில் கூப்பிட்டார். போனால், இயந்திரத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறார். "இரி தம்பி" என்றார். இருந்தேன். வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பறவை பாக்கத்தானேம்மா கட்டுறம்" என்று கெஞ்சினார் ஒப்பந்தக்காரர்.

"இப்ப கிண்டினா ஆரப் பாக்கப்போறீங்க? ஒரு மாசம் பொறுங்க. அதுகள் தின்னுபோட்டுப் போகட்டும்."

மதியம் வனவிலங்குத் திணைக்கள அதிகாரி வந்தார். அக்காவின் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இந்த எண்ணிக்கை சரிதானா?" என்று என்னைக் கேட்டார். "ஒவ்வொண்டாத்தான் சேர் எண்ணினது" என்றேன். வேலை சித்திரைக்குத் தள்ளிப்போனது. கோபுரமும் வீதியோரத்துக்கு மாறியது. அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "நீ பிந்தித்தான் வந்தாய்" என்றார்.

இரண்டு வருடமாக அவருக்கு இருதய நோய் இருந்ததை, அடக்கத்தன்று மகள் சொல்லித்தான் அறிந்தேன். "உங்களுக்குச் சொல்லவேணாம் எண்டவ. சொன்னா சேத்துக்க இறங்க விடமாட்டீங்களாம்." விட்டிருக்கவே மாட்டேன்தான். கல்லறையடியில் நின்றும் அவரோடு சண்டை பிடிக்கத் தோன்றியது.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்தப் பொல்லாத பிடிவாதம்தான். வாவிக்கரையில் யாராவது குப்பை கொட்டினால், முன்பு காணாதவன்போல் போய்விடுவேன். போன வாரம் ஒரு லொறியை மறித்து நின்றேன்.

"நீங்க ஆரு?" என்றான் சாரதி.

லொறிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். வழி விடவில்லை.