கண்டக்டர் அண்ணாச்சி கேட்ட கம்ப்யூட்டர்

இன்று மதியம் இராஜபாளையத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்தார்கள். செட்டியார்பட்டி டவுன் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் பேச முடியாது.

“எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேணும் அண்ணாச்சி?” என்றேன்.

எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினார்.

கரண்ட் போனாலும் அது ஓட வேண்டுமாம். பாஸ்வேர்டை மறந்தால் திட்டாமல் அதுவே சொல்லித் தர வேண்டுமாம். பேரன் காபியைக் கொட்டினால் தானே துடைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் சிரித்தேன். அவரும் சத்தமில்லாமல் சிரித்தார்.

கடைசி வரி: “என் பழைய குரலில் இவளைக் கூப்பிட வேண்டும்.”

“இது மட்டும் இப்பவே முடியும் அண்ணாச்சி. உங்க பழைய குரல் ரெக்கார்டிங் ஏதாவது இருந்தாப் போதும்” என்றேன்.

அக்கா அரை மணி நேரம் போனில் தேடினார். ஒன்றுமே இல்லை.

“பஸ்ஸுல அம்புட்டு சத்தம் போடுவாக தம்பி. எனக்குப் போன் போட்டா ‘வாரேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிருவாக” என்று அழுதார்.

அண்ணாச்சி தாளை வாங்கி மடித்துக்கொண்டார்.

அந்த பஸ்ஸில் போனவர்கள் யாரிடமாவது பழைய வீடியோ இருந்தால் அனுப்புங்கள். படிக்கட்டில் நின்றதற்காக அவர் உங்களைத் திட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை.