ஒரு வாரம் வெயிலில் போட வேண்டும்

இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்தொரு ஒட்டுப்போர்வைகள் தைத்தவர் அவர். பழைய சட்டை, பாவாடை, திரைச்சீலை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கிற வேலை. அவற்றில் ஒன்றுகூடப் பிரிந்ததாகத் தகவல் இல்லை. அவர் கட்டிய கோழிக்கூடு இரண்டாம் நாளே பிரிந்து, கோழிகள் பக்கத்து வீட்டில் குடியேறின. அடித்த அலமாரி சுவரை விட்டு இறங்கி வந்தது. போர்வை மட்டும் அசையவில்லை. அதனால் தெருவில் அவருக்கு முடிச்சுக்காரர் என்று பெயர். அவருடைய அக்கா மட்டும், "முடிச்சு அவுக்கறவனுக்குத்தான் ஊர்ல பேர் கெடைக்கும்னு நெனச்சேன், போடறவனுக்கும் கெடைக்குது" என்பாள்.

அந்தப் பெயர் பறிபோனது ஒரு குளிர்கால வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு.

அதற்கு முன் மனிதரைப் பற்றிக் கொஞ்சம். தபால் நிலையத்தில் கடிதக்கட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, கட்டாக்கி, நூலால் கட்ட வேண்டும். லாரியில் எப்படிக் குலுங்கினாலும் கட்டு அவிழக்கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் நூலின் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் பொலபொலவென்று அவிழ்ந்துவிட வேண்டும். இதற்கென்றே ஒரு முடிச்சு இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அவர் மூன்று போடுவார். ஒரு நாளைக்கு நானூறு கட்டு என்று கணக்குப் போட்டால், அவர் விரல்களுக்கு வேறெந்த முடிச்சும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அப்படி யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

முதல் போர்வை, மகளுக்கு ஐந்து வயதான குளிர்காலத்தில் பிறந்தது. மனைவி காய்ச்சலில் படுத்திருந்தாள். குழந்தைக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தன் பழைய சீருடைச் சட்டைகளையும் மகளுக்குச் சிறுத்துப்போன கவுன்களையும் வெட்டி, நான்கு நாளில் ஒரு போர்வை தைத்து முடித்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஒரு காரணமும் இல்லாமல் போய்வந்தார். மனைவி காய்ச்சல் கண்ணோடு அதைப் புரட்டிப் பார்த்தாள். நூலின் வால் ஒன்றை லேசாக இழுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பழைய துணி பாருங்க, வாடை அடிக்குது. ஒரு வாரம் வெயில்ல போட்டு எடுத்துக்கலாம்."

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமானது. எந்தப் போர்வை முடிந்தாலும் ஒரு வாரம் மனைவியின் வசம் இருக்கும். குளிர்காலத்தில் எங்கே வெயில் என்று அவர் ஒருமுறை கேட்டார். "வர்றப்போ போடுவேன்" என்றாள். மனைவிமார்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பிடிவாதம் இருக்கும், அதைச் சகித்துக்கொள்வதுதான் இல்லறம் என்பது அவர் கொள்கை.

வருடம் அவருக்குத் துணியில்தான் சுற்றியது. கோடையில் சேகரிப்பு. வீட்டில் யார் எதைக் கழற்றினாலும் அது அழுக்கா, தனக்கா என்று ஒரு பார்வை. மழைக்காலத்தில் வெட்டுவதும் இணைப்பதும். வெளியே கொட்டுகிற மழைக்கு உள்ளே கத்தரிக்கோல் தாளம் போடும். குளிர் தொடங்கும்போது பஞ்சு வைத்துத் தைப்பது. குளிர் முடிந்ததும் மிச்சத் துண்டுகளில் கால்மிதி, அலாரக் கடிகாரத்துக்கு உறை, யாரும் கேட்காத கைப்பிடித் துணிகள். ஒரு வருடம் மண்வெட்டிக்கும் உறை தைத்தார். மண்வெட்டி அதை மதிக்கவில்லை.

மனைவிக்கு ஊசி வேலை தெரியாது. அதை அவளே சொல்வாள். "எனக்கு ஊசின்னா நர்ஸ் போடற ஊசிதான்" என்று விருந்தினர் முன்னால் சிரிப்பாள். அவரும் பெருந்தன்மையோடு சிரிப்பார்.

இந்தக் குளிர்காலம் மகளுக்குப் பிரசவம். மகள் வேறு ஊரில், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். மனைவி ஒரு மாதம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்தது. முடிச்சுக்காரர் தனியாக உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது போர்வையைத் தைத்தார். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு சதுரம். நடுவில் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை, சுற்றிலும் மனைவியின் பூப்போட்ட சட்டை, ஓரத்தில் தன் கடைசிச் சீருடை. தன் வாழ்நாளின் மிக நேர்த்தியான பார்சலையும் கட்டி, தானே வரிசையில் நின்று அனுப்பினார். வெயிலில் போடவில்லை. போடச் சொல்ல ஆள் இல்லை.

வியாழக்கிழமை தொலைபேசியில் மகள்.

"அப்பா, போர்வை வந்துச்சு."

"வந்துச்சா? முடிச்சு எப்படி?"

"இவர் இருக்காரே, லேப்ல வேலை பாக்கறவர், எதைப் பார்த்தாலும் கிருமிதான் தெரியும். அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தாங்க. இவர் பார்சலைப் பிரிச்சதும் நேரா மெஷின்ல போட்டுட்டார்."

"போடட்டும். நான் தச்சது தேர்ச்சக்கரத்துல கட்டி இழுத்தாலும் தாங்கும்."



"பிரிஞ்சு போச்சுப்பா."

"எது? மெஷினா?"

"போர்வை. அறுபத்து நாலு துண்டும் தனித்தனியா வந்துச்சு. பஞ்சு தண்ணிக் குழாய்ல போய் அடைச்சுக்கிட்டு, இவர் தரையில படுத்து எடுத்துட்டு இருக்கார். ஒரு தையல்கூட இல்லப்பா. நூல் மட்டும் தனியா, நூடுல்ஸ் மாதிரி."

முடிச்சுக்காரர் நாற்காலியைத் தேடினார். அது அவருக்குப் பின்னாலேயே இருந்தது, ஆனால் அகப்படவில்லை. பிறகு மனைவியின் குரல் வந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"வெயில்ல போட்டீங்களா?" என்றாள்.

"வெயில்ல போட்டா தையல் இறுகுமா என்ன?"

"சரி விடுங்க" என்றாள், அவசரமாக. "குழந்தை அழுது."

குழந்தை அழுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்தவர் நேராகப் போய்ப் படுக்கையிலிருந்த போர்வையைப் புரட்டிப்போட்டார். முடித்த வேலையின் அடிப்பக்கத்தை அவர் அதுவரை திருப்பிப் பார்த்ததே இல்லை. அனுப்பிய தபாலுக்குப் பின்னால் யாராவது ஓடுவார்களா என்று கேட்பார். இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அங்கே அவருடைய முடிச்சு ஒன்றுகூட இல்லை. முடிச்சு இருக்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும், எள்ளளவில், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று குட்டித் தையல். மூன்றாவது மட்டும் லேசாகக் குறுக்கே சாய்ந்திருந்தது. அலமாரியிலிருந்த மூன்று போர்வைகளையும் இறக்கினார். அதே மூன்று. அதே சாய்வு. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய போர்வையிலும் அதேதான்.

வீட்டில் திருட்டுப் போனால் எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே யாரோ உள்ளே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெரு தள்ளி. அக்கா கட்டிலில் அவர் கொடுத்த போர்வை விரித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதை உருவிக் குப்புறப் போட்டார்.

"என்னடா, குடுத்ததைத் திருப்பி வாங்க வந்தியா?" என்றாள் அக்கா. "ஒன்பது வருஷம் கழிச்சா புத்தி வரும்?"

"இதை நீ தச்சியா?"

"நானா? என் பாவாடை நாடாவையே ஊக்கு போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப யாரு? இது என் கை இல்லக்கா. எல்லாத்துலயும் இருக்கு. யாரோ தச்சிருக்காங்க."

"ஆமா, யாரோ ஒருத்தன் ஊர்ல வேலையில்லாம உன் போர்வையைத் தேடிப் பிடிச்சுத் தச்சுட்டுப் போறான். தண்ணி குடி. சட்டை பொத்தானை வேற மாத்திப் போட்டிருக்க, அதைச் சரி பண்ணு முதல்ல."

குனிந்தார். மேல் பொத்தானில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பொத்தானின் அடியில், நூல் முடிகிற இடத்தில், எள்ளளவில் மூன்று தையல். மூன்றாவது குறுக்கே சாய்ந்திருந்தது. இரண்டாம் பொத்தானைப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார்.

இந்த முப்பது வருடத்தில் அவர் சட்டையில் பொத்தான் இல்லாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. விழுகிற பொத்தான் மறுநாள் காலையில் தன் இடத்தில் இருக்கும். பல் முளைப்பது போல அது தானாக நடக்கிறது என்று அவர் நினைத்ததில்லை, ஆனால் வேறு எப்படி நடக்கிறது என்றும் நினைத்ததில்லை. பொத்தான் தைப்பதைத் தையல் என்று அவர் எண்ணியதே கிடையாது.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல" என்றார். தன் நாற்பத்தொரு போர்வையில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்பதை ஒன்றுமில்லை என்று சொல்லலாம்தான்.

மறுநாள் காலை ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தீர்மானம் செய்துவிட்டார். பெட்டியை மனைவி கையில் கொடுத்து, இனி இதைத் தொடமாட்டேன் என்று சொல்வது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. ஐந்து மணி நேரமும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மகள் வீட்டில் மதியம். குழந்தையும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் கொடி முழுக்க அறுபத்து நான்கு சதுரங்கள் கிளிப் மாட்டித் தொங்கின. மனைவி அவற்றை வரிசைப்படி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பாவாடை நடுவில், பூச்சட்டை சுற்றிலும், சீருடை ஓரத்தில். மடியில் புதுப் பஞ்சு.

அவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக் காட்டினார்.

அவள் பார்த்தாள். கையிலிருந்த சதுரத்தைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஏன் சொல்லல?"

"முதல் போர்வையிலயே சொல்லலாம்னுதான் இருந்தேன். வாலைப் பிடிச்சு இழுத்தா ஒரு வரிசை பூரா கையோட வருது. சொல்றதுக்குள்ள நீங்க தெரு பூரா காட்டிட்டு வந்துட்டீங்க."

"ரெண்டாவதுல?"

"ரெண்டாவதுல சொன்னா முதல்ல ஏன் சொல்லலன்னு கேப்பீங்க."

"நாற்பத்தொண்ணுலயுமா?"

"ஒவ்வொண்ணா கூடிப்போச்சுங்க."

அவர் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு போர்வைக்கு இருநூறு முடிச்சு. எப்ப செஞ்ச?"

"நீங்க ஆபீஸ் போனதும். அதுக்குத்தானே ஒரு வாரம்."

"சரி. ரிட்டயர் ஆனப்புறம்? நான் வீட்டுலதானே இருக்கேன்? சாயந்திரம் ரெண்டு மணி நேரம் நடக்கப் போறேன், அவ்வளவுதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் நடக்கச் சொன்னார்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"சர்க்கரை எல்லையில இருக்குன்னு சொன்னியே."

"டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னார். நான்தான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்."

மூன்று வருடமாக மழையில் குடையோடும் வெயிலில் தொப்பியோடும் நடந்த நடை. இனிப்பைத் தொடாமல் இருந்த மூன்று வருடம்.   கடைசியில், "டீக்கு சர்க்கரை போட்டுக்கலாமா அப்ப?" என்றார்.

"போட்டுக்கலாம்."

வெகு நேரம் கழித்து ஊசிப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "இனிமே நீயே தை. என்னுதுன்னு அதுல என்ன இருக்கு?"

"எனக்கு முடிச்சு போடத்தான் தெரியும்" என்றாள் அவள். "எந்தத் துணிக்குப் பக்கத்துல எந்தத் துணின்னு எனக்குத் தெரியாது. காலையிலேர்ந்து வரிசை வச்சுப் பாக்கறேன், பாருங்க, சரியா வரல. பாப்பா இன்னும் துண்டுல சுத்திக் கிடக்குது."

குனிந்து பார்த்தார். வரவில்லைதான். மூன்றாம் வரிசையில் இரண்டு சீருடைத் துண்டு அடுத்தடுத்து உட்கார்ந்து ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்து மாற்றிவைத்தார். பிறகு ஊசியில் நூல் கோத்தார். கோத்த பிறகு, "அந்த மூணு தையல் எப்படி?" என்று துணியைப் பார்த்தபடியே கேட்டார்.

அவள் காட்டினாள். ஒன்று, அதன் மேல் இன்னொன்று, மூன்றாவது குறுக்கே. தபால் விரல்கள் முதலில் ஒப்பவில்லை. பாதியில் தாமாகவே பழைய முடிச்சுக்குத் திரும்பின. அவள் பிரித்துவிட்டாள், அவர் மறுபடியும் போட்டார். பத்தாவதில் பிடிபட்டது. நான்கு நாள் உட்கார்ந்து, அறுபத்து நான்கையும் இணைத்து, பஞ்சு வைத்து, இருநூறு முடிச்சையும் தானே போட்டார். பிறந்த நாளிலிருந்து இவ்வளவு மெதுவாக அவர் எதையும் கட்டியதில்லை. மாப்பிள்ளை நடுநடுவே வந்து, கை கழுவினாரா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் மதியம் போர்வை முடிந்தது. மனைவி அதை வாங்கிப் புரட்டினாள். ஒரு முடிச்சை விரலால் தடவினாள். இன்னொன்றின் நூல் நுனியை லேசாக இழுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

 இந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று முடிச்சுக்காரர் யோசிப்பதற்குள் அவள் போர்வையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா உக்காந்தே இருக்கீங்க" என்றாள். "கொஞ்சம் நடந்துட்டு வாங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஊசிப்பெட்டி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்தே இருந்தது.

 அவர் எழுந்து செருப்பை மாட்டினார். இந்த முறை சரியான காலில். அறிமுகமில்லாத தெருக்களில் மெதுவாக நடந்தார். ஒரு கடையில் சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தார். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி, இன்னும் இருபது நிமிடம் நடக்கப் போனார்.