தீப்பெட்டி ஆபீஸ் சர்வர்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே எங்கள் கம்பெனி பராமரிக்கும் லினக்ஸ் சர்வர் மதியமானால் அப்படியே உறைந்து நிற்கும். நான் போய் உட்கார்ந்தால் ஒழுங்காக ஓடும்.

ரேம் மெமரியை மாற்றினேன். லினக்ஸின் கெர்னலையே மாற்றினேன். பிழைகள் பதிவாகும் லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இன்று சொல்லாமல் போய் நின்றேன். சர்வர் மேல் நனைந்த சாக்கு!

"என்ன அண்ணாச்சி இது?" என்று மேனேஜரிடம் கத்திவிட்டேன்.

"தொட்டா சுடுதுல்லா தம்பி. இங்கன தீக்குச்சி மருந்து கிடக்கு. சூடான எதுக்கும் ஈரச் சாக்குதான். நீங்க வாரியன்னு போன் வந்தா எடுத்துருவோம்."

காற்றுப் போக வழியில்லாமல் சூடேறித்தான் நின்றிருக்கிறது.

இப்போது என் கம்பெனி மெயிலில் காரணம் கேட்கிறது. சாக்கு என்று எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். வேறு என்னதான் எழுத?