ஆனி மாதத்து நாற்று

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர். அந்த மாதத்தில் அங்கே ஆற்றில் தண்ணீர் வரும், குறுவை நெல் விதைப்பார்கள். ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸில் குடியேறிப் பல வருடம் ஆன பிறகும் அந்தக் கணக்கு அவரை விடவில்லை. எனக்கு எட்டு வயதானபோது, வெள்ளானூரில் ஒருவரிடம் கால் காணி நிலம் குத்தகைக்குப் பிடித்துவிட்டார்.

நிலத்துக்காரர் அன்றைக்கே தலையைச் சொறிந்தார்.

“இன்னா சார், இப்பவா? இங்க ஆத்துத் தண்ணி ஏது? ஏரிதான். ஐப்பசி மய பேஞ்சாதான் அது ரொம்பும். அதுவரிக்கும் கம்முனு இரு சார்.”

“ஆனியில விதைக்காம எப்பங்க விதைக்கிறது?” என்றார் அப்பா.

ஷிப்ட் முடிந்ததும் என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்து நாற்றங்காலுக்கு விட்டோம். நாற்று பச்சைப்பசேலென்று வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது, நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு வயல் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். கிணறு அதற்குக் காணாது. குறுவை நாற்றை ஒரு மாதத்துக்குள் நடாவிட்டால் முற்றிப்போகும். பிறகு நட்டாலும் சரியாக விளையாது.

ஆடி பிறந்தது. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. சாயங்காலம் இடி இடிக்கும், சட்டை நனைவதற்குள் தூறல் நின்றுவிடும். அப்பா மேற்கே பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நிற்பார். எனக்குப் பொறுக்கவில்லை. நிலத்துக்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

“அப்பா, நம்ம ஊர் ஆறு இங்க எப்பப்பா வரும்?”

நிலத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஆறா? இங்க பஸ்ஸே ஒயுங்கா வர்ல கண்ணு!”

அப்பாவும் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

ஆடி கடைசியில் நாற்றின் நுனி பழுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே குனிந்து அத்தனையையும் அறுத்து நிலத்துக்காரர் மாட்டுக்குப் போட்டார். மாடு ருசித்துத் தின்றது.

“உடு சார். மய வரட்டும், நானே வெத தரேன்” என்றார் அவர்.

அப்பா விட்டுவைத்திருந்த ஒரு பிடி நாற்றை வேரோடு பிடுங்கி, ஈரத் துண்டில் சுற்றி, கேரியரில் வைத்துக் கட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் மண்ணைக் குழைத்து, அந்தப் பிடியை வரிசையாக நட்டார். “இது நெல்லு விளையுற இடமா?” என்று அம்மா கேட்டாள். கேட்டாளே தவிர, மறுநாளிலிருந்து அரிசி களைந்த தண்ணீரையும் அங்கேதான் ஊற்றினாள். வந்தது நாலைந்து கதிர். அதிலும் பாதி பதர். அது சாய்கிற வரைக்கும், வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் அப்பா அங்கே ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்துவிட்டுத்தான் நகர்வார்.

எனக்கு வேடிக்கை காட்டத்தான் நட்டிருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பாவிடமே ஒருநாள் கேட்டேன்.

“ஆமாண்டா, உனக்குத்தான்” என்றார். அதை அப்படியே நம்பினேன்.