கறுப்பு டேப்பில் ஓடிய வண்டி

போன ஆயுத பூஜையன்று வீட்டில் எல்லாச் சாமானுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மிஷின் என்று வரிசையாக முடித்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தன் டேப்லெட்டுக்கு வைக்கப் போனாள். நான் பாய்ந்து போய்ப் பிடுங்கிவிட்டேன். கேமராவில் பட்டுவிடும் என்று ஏதோ உளறினேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பக்தி இல்லாமல் இல்லை. சந்தன வாசனை வந்தாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியலும் கோடிங்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதுகில் லேப்டாப், கையில் கட்டைப்பை. பைக்குள் மோட்டார், ஒயர், ஸ்ட்ரா, பலூன். பலூனைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் என்னைத் திருவிழாக் கடைக்காரன் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று பள்ளிக்கூடம். பாடம் நடத்தும்போதே ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். என் பஸ் டைம் என்னைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

லேப்டாப் ஒன்றே ஒன்று என்பதால் முதலில் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவோம். ஒரு பிள்ளை வண்டியாக நிற்கும், மற்றவர்கள் கட்டளை கொடுப்பார்கள். இடது வலதெல்லாம் அங்கே எடுபடவில்லை. "ரெண்டு கட்டம் நேரா போ, அங்கிட்டுத் திரும்பு" என்றுதான் புரோகிராம் ஓடும். திருமயம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதில் கெட்டிக்காரி மீனாட்சி. ஐந்தாம் வகுப்பு. மேஜையில் ஒட்டிய கறுப்பு டேப்பை விட்டு விலகாமல் ஓடும் ஒரு குட்டி வண்டிக்கு அவளே கோட் எழுதினாள். வண்டியின் அடியில் இரண்டு சென்சார். அதுதான் வண்டியின் கண் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாவட்டக் கண்காட்சிக்கு அவள் போவதாக முடிவாகியிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் அவள் அம்மா, அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுக் கூட வருவதாகச் சொல்லியிருந்தாராம்.

பூஜை லீவுக்கு வண்டியைப் பள்ளியிலேயே விட்டு வந்தேன். திரும்பிப் போனால் சக்கரம், பேட்டரிப் பெட்டி என்று மேலெல்லாம் பொட்டு. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு ஓடவிட்டேன். டேப் வளைகிற இடத்தில் வளையாமல் நேரே போய் மேஜையிலிருந்து விழப் பார்த்தது. மூன்று முறையும் அப்படியே. எனக்கு மூன்று நாற்பதுக்குப் பஸ்.

"லீவுக்கு முன்னாடி ஓடுச்சு சார். நான் எதையும் மாத்தல" என்றாள் மீனாட்சி. பிறகு லேப்டாப்பில் தன் கோட் முழுவதையும் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். "இங்கிட்டுக் கண்ணுல கருப்பு பட்டா இங்கிட்டுத் திரும்பணும். அங்கிட்டுக் கண்ணுல பட்டா அங்கிட்டு. சரியாத்தான சார் இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. இருந்தும், அவள் எழுதிய கோடில்தான் எங்கேயோ தப்பு என்றேன். ஓடவில்லையா, முதலில் கவிழ்த்துப் பார், அப்புறம் ஒயரைப் பார், கடைசியில்தான் கோட் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட மகானும் நானேதான். கண்காட்சிக்குச் சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் பதறினார். பையன்கள் இருவர் செய்த தண்ணீர் வடிகட்டியை அனுப்பச் சொன்னேன். மீனாட்சி மேஜையிலிருந்து டேப்பைக் கிழியாமல் பிரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

திருமயம் கோட்டையைப் பஸ் தாண்டும்போது பேட்டரியைக் கழற்றலாம் என்று வண்டியைக் கவிழ்த்தேன். இரண்டு கண்ணிலும் சந்தனம், நடுவில் குங்குமம், அவ்வளவு திருத்தமாக. அவள்தான் வைத்திருப்பாள். கண் என்று அறிந்தவள் அவள்தானே. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, டீக்கடை பெஞ்சில் அந்த டேப்பை வளைத்து ஒட்டி ஓடவிட்டேன். அவள் எழுதிய அதே கோடில், வண்டி டேப்பை விட்டு ஒரு நூல் விலகவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை, டீச்சருக்குப் போன் பண்ணியிருக்கலாம். கவிழ்த்துப் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கண்காட்சி முடிந்த மறுவாரம் போனபோது வாசலிலேயே நின்றாள். "எந்த எடத்துல சார் தப்பு?" என்றாள். அப்புறம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளைகள் பக்கம் போய்விட்டேன். அவள் அன்று லேப்டாப் பக்கமே வரவில்லை. அந்த மாதக் கடைசியில் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். லேப்டாப்பை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து அலமாரியில் வைத்தார்கள்.

என் மகளும் இப்போது கோடிங் வகுப்புக்குப் போகிறாள். அவள் வண்டி திரைக்குள் ஓடுகிறது, கவிழ்த்துப் பார்க்க அதற்கு அடிப்பக்கம் கிடையாது. அந்த நிறுவனம் இல்லை. மூன்று நாற்பது பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்களாம். மீனாட்சி எழுதிய கோடும் போய்விட்டது. அவள் இந்நேரம் காலேஜில் சேர்ந்திருக்க வேண்டும். தனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிக்கொண்டு என்ன படிப்பை எடுத்தாளோ, தெரியவில்லை.